ஒரே பக்கம் பத்துச் சிவப்பு

பள்ளிக்கூடத்தில் என்னை அலமாரி மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே மாமா, முதுகுக்குப் பின்னால் வெறும் அலமாரி. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. இருபத்தெட்டு வருஷமாக அறிவியல் லேபின் மூன்று அலமாரிச் சாவியும் என் இடுப்பில்தான் தொங்குகின்றன. ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்தால் எந்த வகுப்பில், யார் கையில் உடைந்தது என்று தேதியோடு சொல்வேன். வாத்தியார்கள் வருவார்கள், போவார்கள். பொருள்கள் மட்டும் சாயங்காலமானால் என்னிடம் திரும்பி வந்தாக வேண்டும்.

அதனால் ஒண்ணாம் வகுப்புக்குப் புதிதாக வந்த டீச்சர் லேப் வாசலில் நின்று, காந்தம் வேண்டும், அதுவும் பத்தும் வேண்டும் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. லேபில் பொருள் கேட்பதெல்லாம் ஏழாம் வகுப்புக்கு மேலேதான். ஒண்ணாம் வகுப்பு என்றால் மூக்கு ஒழுகும், செருப்பு மாறும், பென்சில் பாதி வயிற்றுக்குள் போகும். அவர்கள் கையில் காந்தத்தைக் கொடுப்பது குரங்கு கையில் பூமாலை கொடுக்கிற கதைதான். அதை அப்படியே டீச்சரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குரங்கு பூமாலையைப் பிய்ப்பதே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தானே அண்ணா என்றார். பதிலைக் கையிலேயே வைத்திருக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டு, ஒரே ஒரு காந்தத்தை எடுத்துக் கொடுத்தேன். அதற்கும் கையெழுத்து வாங்கினேன்.

கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. பின்னாலேயே போய் ஒண்ணாம் வகுப்பு வாசலில் நின்றுகொண்டேன். உடைந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் அல்லவா?

டீச்சர் இரண்டு முக்காலிகளை இடைவெளி விட்டு வைத்து, மேலே ஒரு மர ஸ்கேலைக் குறுக்காகப் போட்டு, அதிலிருந்து காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டார். இருபது பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். இது காந்தம், இதற்கு இரண்டு துருவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மட்டும் பாருங்கள் என்றார். காந்தம் ஆடியது, சுற்றியது, நின்றது. ஒரு முனை வடக்கு ஜன்னலுக்கு வெளியே கை கழுவும் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளை சுற்றிவிட்டது. மறுபடியும் குழாய்ப் பக்கம். எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டார்கள். மறுபடியும் குழாய்ப் பக்கம்தான்.

அவ்வளவுதான், வகுப்பு முழுக்கக் காந்தத்தை ஏமாற்றுவதில் இறங்கிவிட்டது. முன்பற்கள் நான்கும் விழுந்துவிட்டதால் பொக்கை என்று பெயர் வாங்கியிருந்த ஒரு பையன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். குழாய் தெரிந்தால்தானே பார்க்கும் என்பது அவன் எண்ணம். காந்தம் சாத்திய ஜன்னலையே பார்த்தது. எதற்கெடுத்தாலும் வாதாடுகிற ஒரு குட்டிப் பெண் இருந்தாள். அவளுக்கு வகுப்பே வக்கீலம்மா என்று பட்டம் கொடுத்திருந்தது. அவள் கேட்டாள், அதற்குத் தாகம் எடுக்கிறதோ என்று.

நான் சிரித்துவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. தாகமா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று அந்தப் பெண்ணையே திருப்பிக் கேட்டார். வக்கீலம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ஓடிப்போய் ஒரு குவளைத் தண்ணீரைத் தளும்பத் தளும்பக் கொண்டுவந்து காந்தத்துக்கு எதிர்ப்பக்கம் வைத்தாள். இருபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நானும்தான். காந்தம் தண்ணீரைச் சீந்தவே இல்லை. "தாகம் இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குவளையை எடுத்துத் தானே குடித்துவிட்டாள்.

கடைசியில் டீச்சர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். எல்லாக் காந்தத்திலும் இப்படிக் குழாய்ப் பக்கம் பார்க்கிற முனைக்குச் சிவப்பு அடிப்பார்கள், அடுத்த முனைக்கு நீலம், நமக்கு அடையாளம் தெரிவதற்காக. மணி அடித்ததும் காந்தத்தைத் துடைத்து, சக்தி குறையாமல் இருக்க முனைகளில் வைக்கிற இரும்புத் துண்டு எங்கே என்று பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி, அதோடு சேர்த்து என் கையில் கொடுத்தார். பெரிய வகுப்பு வாத்தியார்களுக்கே நான் அதை நூறு தடவை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும். அன்றைக்கு என் மனசு கொஞ்சம் இளகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை டீச்சர் மறுபடி வந்தார். முகம் வாடியிருந்தது. அவர் இந்த வருஷத்துக்கு மட்டும் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர். அவர் வகுப்பில் பிள்ளைகள் புத்தகத்தைத் திறப்பதே இல்லை, எப்போதும் சந்தைக்கடை மாதிரி சத்தம் என்று யாரோ தாளாளர் காதில் போட்டிருக்கிறார்கள். பள்ளியை நடத்துகிறவர் அவர். அவருக்குச் சத்தம் ஆகாது. வருகிற வியாழக்கிழமை தானே வந்து பாடத்தைப் பார்ப்பதாகவும், அதை வைத்துத்தான் டீச்சர் இருப்பதா போவதா என்று முடிவு செய்வதாகவும் சொல்லிவிட்டாராம்.

"இந்த வேலை எனக்கு வேணும்ணா" என்றார் டீச்சர். "ஆனா அவர் வர்றார்னு அன்னிக்கு மட்டும் புக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, பசங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

அன்றைக்கும் காந்தம்தான் எடுக்கப்போகிறாராம். ஒரு மேஜைக்கு இரண்டாக ஐந்து மேஜைக்கும் கொடுத்து, சிவப்பும் சிவப்பும் தள்ளும், சிவப்பும் நீலமும் ஒட்டும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் காந்தங்களில் பெயிண்ட் பாதி உரிந்து கிடக்கிறதே, நிறம் தெரியுமா என்று தயங்கினார். அதை என்னிடம் விட்டுவிடுங்கள் என்றேன். பத்தும் தருவீர்களா என்று அவர் மறுபடி கேட்க இடம் வைக்காமல், பத்தும் தருகிறேன் என்று நானே சொன்னேன். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போனேன். அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்துக் காந்தமும் அதில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். ஆனால் ஒன்றின் தலைமாட்டில் அடுத்ததன் கால்மாடு. ஒரே பாயில் நிறையப் பிள்ளைகளைப் படுக்கவைக்கும்போது தலையும் காலுமாக மாற்றி மாற்றிப் போடுவோமே, அப்படி. அப்படி வைத்தால்தான் காந்தம் சக்தி குறையாமல் இருக்கும் என்று நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே அப்போதைய அறிவியல் வாத்தியார் சொல்லிக்கொடுத்திருந்தார். இருபத்தெட்டு வருஷமாக என் கை அப்படித்தான் அடுக்குகிறது.

முதலில் உப்புத்தாள் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். துரு போயிற்று, பழைய பெயிண்ட் போயிற்று, முனையில் குத்தியிருந்த N, S எழுத்தும் மழமழவென்று போயிற்று. தேய்த்த ஒவ்வொன்றையும் பெட்டியில் வைக்க வைக்க, அது தானாகவே பக்கத்துக் காந்தத்தோடு ஒழுங்காகப் போய் ஒட்டிக்கொண்டது. பிறகு பத்துக்கும் நடுவில் குறுக்காக ஒரு டேப்பை ஒட்டினேன். பள்ளிக்கூட கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு இருந்தது, என் சைக்கிளுக்கு அடித்து மிஞ்சிய நீலம் இருந்தது. இடது பக்கம் ஒரே இழுப்பில் பத்துக்கும் சிவப்பு. வலது பக்கம் ஒரே இழுப்பில் பத்துக்கும் நீலம். டேப்பை உரித்தால், அடடா, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

என் மனைவி தையல் கடையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறவள். சிந்திய குண்டூசிகளை அள்ளப் பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம் ஒன்றை டப்பாவில் வைத்திருப்பாள். தரையில் பேப்பர் விரித்து நான் செய்துகொண்டிருந்த அலங்காரத்தை நின்று பார்த்தாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஏங்க, இதுல தலை எது, கால் எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இருபத்தெட்டு வருஷமாக இதைக் கட்டி மேய்க்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று கத்தினேன். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். நானும் பெட்டியை மூடிவிட்டேன். பெயிண்ட் காய வேண்டும் என்று சாக்குச் சொல்லி வியாழக்கிழமை வரை டீச்சருக்குக் கூடத் திறந்து காட்டவில்லை. வகுப்பில் திறக்கும்போது எல்லோரும் வாயைப் பிளக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வியாழக்கிழமை பத்து மணிக்குத் தாளாளர் வந்து உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மடியில் ஒண்ணாம் வகுப்புப் பயிற்சிப் புத்தகம், அதன்மேல் பேனா. நான் பெட்டியோடு கதவருகே நின்றேன். முதல் அரைமணி நேரம் டீச்சர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன வட்டக் காந்தத்தை வைத்து எது ஒட்டும், எது ஒட்டாது என்று பார்க்கவைத்தார். கொண்டை ஊசி ஒட்டியது. ரப்பர் ஒட்டவில்லை. என் பூட்டைக் கேட்டு வாங்கினார்கள். அதன் வளையம் ஒட்டியது, பித்தளை உடம்பு ஒட்டவில்லை. ஒரே பூட்டில் இரண்டு குணமா என்று வக்கீலம்மா பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தாளாளரும் எட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு டீச்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் முன்னால் போய்ப் பெட்டியை மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தேன். ஒரே பக்கம் பத்துச் சிவப்பு, ஒரே பக்கம் பத்து நீலம். பிள்ளைகள் "ஆ" என்றார்கள். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேஜைக்கு ஒருவராக வந்து ஆளுக்கு இரண்டாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

முதலில் பொக்கையின் மேஜையிலிருந்து சத்தம் வந்தது. சிவப்பும் சிவப்பும் தள்ளுகிறது என்றான். கையில் இருப்பது வழுக்கிக்கொண்டு ஓடுகிறதாம். தாளாளர் புத்தகத்தைப் பார்த்து, சரி என்பது போலத் தலையாட்டினார். உடனே வக்கீலம்மா எழுந்தாள். "பொய். எங்களுது ஒட்டிக்கிச்சு" என்று சிவப்போடு சிவப்பு ஒட்டியிருந்த ஜோடியைத் தூக்கிக் காட்டினாள். இன்னொரு மேஜையில் தள்ளியது. வேறு இரண்டு மேஜைகளில் ஒட்டியது.

ஒரு நொடிதான். எனக்குத் தலையும் காலும் புரிந்துவிட்டது. மாற்றி மாற்றிப் படுக்கவைத்த பத்துக் காந்தத்துக்கு நான் இடது பக்கம் முழுக்கச் சிவப்பு அடித்திருக்கிறேன். அப்படியென்றால் பாதிக்குத் தலையில் சிவப்பு, பாதிக்குக் காலில் சிவப்பு. சரியாக அடித்திருந்தால் அந்தப் பெட்டியில் சிவப்பும் நீலமும் மாறி மாறித்தான் தெரிந்திருக்க வேண்டும். அழகு என்று நான் நினைத்ததே தப்புக்கு அடையாளம். எழுத்தையும் உப்புத்தாள் போட்டு நானே அழித்தாயிற்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. போகப்போவது என் வேலை இல்லை, அந்தப் பெண்ணின் வேலை.

டீச்சர் இரண்டு காந்தத்தை வாங்கிச் சேர்த்துப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. ஒரே ஒரு தடவை கதவுப் பக்கம் என்னைப் பார்த்தார். பெயிண்ட் அடித்த ஆள் தப்பாக அடித்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருக்கலாம். எனக்கு அது நியாயமாகவே பட்டிருக்கும். அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"சில மேஜையில தள்ளுது, சில மேஜையில ஒட்டுது. எனக்கே இப்பத்தான் தெரியும். ஏன்னு எப்படிக் கண்டுபிடிக்கலாம்?"

தாளாளர் தொண்டையைச் செருமினார். நேரம் ஆகிறது, சரியான விடை புத்தகத்தில் இருக்கிறது, அதைச் சொல்லி எழுதப் போட்டுவிடலாமே என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது, ஆனால் பேனா மூடி திறந்துவிட்டது. டீச்சர் ஐந்து நிமிஷம் கேட்டார்.

பொக்கைக்கு வழி சுலபமாகத் தெரிந்தது. தன் மேஜையில் இருப்பது நல்ல காந்தம், வக்கீலம்மா மேஜையில் இருப்பது கெட்டுப்போன காந்தம். வக்கீலம்மா விடுவாளா? தன் காந்தத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாக விசாரணைக்குக் கிளம்பினாள். உன் சிவப்பைக் காட்டு என்பாள், தன் சிவப்பை அதோடு சேர்ப்பாள். தள்ளினால் அந்தக் காந்தம் தன் கட்சி, கரும்பலகைக்குக் கீழே வைக்க வேண்டும். ஒட்டினால் எதிர்க்கட்சி, கதவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். பத்தொன்பது பேரும் அவள் பின்னால் ஊர்வலம் போனார்கள். இப்படி ஒரு வரிசையை எந்த வாத்தியாரும் அடிக்காமல் மிரட்டாமல் நடத்தி நான் பார்த்ததில்லை. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அவ்வளவு பதற்றத்திலும் வாயைத் திறக்காமல் நிற்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விசாரணை முடிந்தது. எது அதிகமோ அதுதான் நிஜம் என்றான் பொக்கை. எண்ணிப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. வகுப்பில் ஒரு பெருமூச்சு. தாளாளர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். ஒரே நிறம் என்றால் தள்ளும், இதோ பாருங்கள் என்றார். வக்கீலம்மா அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய், படத்தை உற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தாத்தா, எங்க கட்சிக்குள்ளயும் சிவப்பு சிவப்பைத் தள்ளுது. அவங்க கட்சிக்குள்ளயும் சிவப்பு சிவப்பைத் தள்ளுது. உங்க புக்கு ரெண்டு பேருக்கும் சாட்சி சொல்லுது. அப்ப யாரு பொய்?"

தாளாளர் அவளைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டு மறுபடி பழைய பக்கத்துக்கே வந்தார். லேபுக்கு நான்காவது அலமாரி கேட்டு அவர் தரவில்லை என்று எனக்குப் பத்து வருஷமாக ஆறாத மனக்குறை ஒன்று அவர்மேல் உண்டு. அந்த நிமிஷம் அது கூட ஆறிவிட்டது.

"அப்ப யாரைக் கேக்கலாம்?" என்றார் டீச்சர்.

ஒருத்தி நகத்தைக் கடித்தாள். ஒருவன் கூரையைப் பார்த்தான். பொக்கை மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சாத்திய அதே ஜன்னல்.

"குழாயைக் கேக்கலாம்" என்றான்.

சொல்லி வாய் மூடுவதற்குள் முக்காலிகள் வந்துவிட்டன, ஸ்கேல் வந்துவிட்டது, நூல் வந்துவிட்டது. மற்ற காந்தங்களையெல்லாம் தள்ளி மூலையில் கொண்டுபோய் வைக்கச் சொல்ல ஒரு பெண்ணுக்குத் தானாகவே தோன்றியது. கூட இருந்தால் அவை பேச்சுக்கொடுத்துக் கெடுத்துவிடுமாம். முதலில் வக்கீலம்மா கட்சியிலிருந்து ஒன்றைக் கட்டினார்கள். அது ஆடி, சுற்றி, தயங்கி நின்றது. நீலம் குழாயைப் பார்த்தது. அடுத்து எதிர்க்கட்சி. சிவப்பு குழாயைப் பார்த்தது. பத்தையும் தொங்கவிடாமல் அவர்கள் ஓயவில்லை. ஒன்பதாவது காந்தத்துக்கு ஒரு முக்காலி ஆடியது. அதைக் குனிந்து அசையாமல் பிடித்துக்கொண்டவர் யார் என்று பார்த்தால், தாளாளர். அவர் புத்தகம் நாற்காலிக்குக் கீழே கிடந்தது.

எங்கள் கட்சிதான் பொய் என்று வக்கீலம்மாவே தீர்ப்புச் சொன்னாள். தோற்ற வருத்தம் கொஞ்சம் கூட இல்லை. பிறகு ஒரு திருத்தம் சொன்னாள். காந்தம் பொய் சொல்லவில்லை, சட்டைதான் மாறிப் போயிருக்கிறது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வயது. அவர்களுக்குச் செருப்புக்கூட எந்தக் காலுக்கு எது என்று தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாளாளர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். எழுந்ததும் பழைய ஆள் திரும்பிவிட்டார். பாடம் நன்றாக இருந்தது, ஆனால் இப்படிப்பட்ட பொருளைச் சரிபார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுவரலாமா, ஒரு டீச்சர் முன்னாலேயே கவனிக்க வேண்டாமா என்று கேட்டார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு, பார்த்திருக்க வேண்டும் சார், தப்புதான் என்றார். என்னை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

இருபத்தெட்டு வருஷத்தில் என் பெயரில் ஒரு கீறல் கிடையாது. இன்னும் இரண்டு வருஷம் தள்ளினால் மாலை போட்டு அனுப்புவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் அந்தப் பெண்ணின் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

"நான்தான் சார் பெயிண்ட் அடிச்சேன்" என்றேன். "டீச்சருக்குத் திறந்துகூடக் காட்டலை. இருந்த எழுத்தையும் நான்தான் அழிச்சேன்."

பெட்டியில் எப்படி மாற்றி மாற்றி இருக்கும், நான் எப்படி ஒரே இழுப்பில் இழுத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். தாளாளர் எதுவும் சொல்வதற்கு முன்னால் வக்கீலம்மா என் முன்னால் வந்து நின்றாள். திட்டுவதற்கு இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"மாமா, நீங்க ஏன் தொங்கவிட்டுப் பாக்கலை?"

எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். நேரம் இல்லை, நூல் இல்லை, அவசரம். ஆனால் அவள் கண்ணுக்கு எதிரே எதுவும் வரவில்லை. உண்மை என்னவென்றால், இருபத்தெட்டு வருஷத்தில் நான் ஒரு காந்தத்தைக்கூடத் தொங்கவிட்டுப் பார்த்ததே இல்லை. எண்ணியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், பூட்டியிருக்கிறேன்.

"தோணலைம்மா" என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பெரியவர்களுக்கு இப்படியெல்லாம் ஆகும் என்று மன்னித்துவிட்ட மாதிரி இருந்தது.

"அடுத்த தடவை எங்களைக் கேளுங்க" என்றாள்.

முதலில் சிரித்தவர் தாளாளர்தான். மனிதருக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. சிரித்து முடித்துவிட்டு, மூலையிலிருந்து இரண்டு காந்தத்தை எடுத்துவரச் சொன்னார். பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து, சிவப்பையும் சிவப்பையும் நெருக்கிப் பார்த்தார். அது வழுக்கி ஓடியது. மறுபடி நெருக்கினார். என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. போகும்போது டீச்சரிடம், அடுத்த வருஷமும் ஒண்ணாம் வகுப்பு உங்களுக்குத்தான், தற்காலிகம் என்ற பேச்சு இனிமேல் வேண்டாம் என்றார். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்க வந்தவர், பின்னால் ஒரு முக்காலி தடாலென்று விழுந்ததும், கேட்காமலே போய்விட்டார்.

மத்தியானம் டீச்சர் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லாத வாய். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐந்தையும் தேய்த்துச் சரியாக அடித்துத் தந்துவிடுகிறேன் என்றுதான் வந்தது. அவர் பெட்டிமேல் கையை வைத்தார்.

"வேண்டாம்ணா. இப்படியே இருக்கட்டும். அடுத்த வருஷம் வர்ற பசங்களும் கண்டுபிடிக்கட்டும்."

பெரிய வகுப்பு வாத்தியார்களுக்கு வேறு காந்தம் வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பெட்டியின் மூடியில் 'ஒண்ணாம் வகுப்பு' என்று எழுதி ஒட்டினேன். பெட்டியை என் அலமாரியில் வைக்கவில்லை. டீச்சர் வகுப்பிலேயே, பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு தட்டு அடித்துக்கொடுத்து அங்கேயே வைத்துவிட்டேன். பூட்டும் போடவில்லை. இதைச் செய்தது நான்தானா என்று இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

பள்ளி விட்டபிறகு அந்த வகுப்பறைக்குப் போனேன். யாரும் இல்லை. முக்காலிகளும் ஸ்கேலும் அப்படியே இருந்தன. ஒரு காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டேன். அது ஆடியது, சுற்றியது, மெதுவாக நின்று குழாயைப் பார்த்தது. எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டேன். எத்தனை தடவை சுற்றிவிட்டேன் என்று எனக்கே தெரியாது. காவலாளி வந்து கேட்டைப் பூட்ட வேண்டும் என்று சொன்னபிறகுதான் எழுந்தேன்.

வீட்டுக்குப் போனால் மனைவி குண்டூசி டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். சட்டையைக் கழற்றி மாட்டுகிற வரை பொறுத்திருந்தாள். தாளாளர் வருகிற நாள் இன்றைக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"தலை எது, கால் எதுன்னு தெரிஞ்சுதா?"

ஞாயிற்றுக்கிழமை கத்திய கத்தல் எனக்கு ஞாபகம் வந்தது. அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சுது. ஒண்ணாங்கிளாஸ் பசங்க சொல்லிக் குடுத்தாங்க."